திண்ணை யாருடைய இடம்?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குத் தணிக்கைக்காக நாம் அமர்ந்திருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு வந்து நின்றார். முத்தியால்பேட்டையில் பாட்டன் காலத்து வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குக் கடன் வேண்டி விண்ணப்பம் செய்திருக்கிறார். வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். கூடம் இருந்தது, தறிக்கு ஓர் அறை இருந்தது, சமையலறை, படுக்கையறை எல்லாம் இருந்தன, முன்புறம் மதிற்சுவரும் இரும்புக் கதவும் மோட்டார் சைக்கிள் நிறுத்தச் சிறிது இடமும் இருந்தன. "திண்ணை எங்கே?" என்று கேட்டோம். "முன்பக்கம் காலியிடம் விடவேண்டுமாம் ஐயா. திண்ணை வைத்தால் அனுமதி கிடைக்காது என்று படம் போடுகிறவர் சொல்லிவிட்டார்" என்றார். எந்த அலுவலகத்தில் விசாரித்தீர்கள் என்று வினவினோம். எங்கும் விசாரிக்கவில்லை. படம் போட்டவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. மூன்று தலைமுறைக்குப் பயன்பட்ட திண்ணை ஒரு வார்த்தையில் போய்விட்டது.

வீட்டு முகப்பைப் பற்றிய பேச்சு கூட்டுறவுப் பத்திரிகைக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நெசவாளியின் வீட்டில் திண்ணை அலங்காரமன்று. தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. தறி உள்ளே இருந்தாலும், இராட்டையை வைத்துத் தார் சுற்றும் மூதாட்டி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திண்ணைக்கே வருகிறாள். சிக்கெடுப்பதும் நூற்சிட்டங்களைப் பிரித்து உதறுவதும் அங்கேதான். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாய அங்கத்தினர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். திடீர் மழையில் மணிலா மூட்டைகள் முதலில் ஏறுகிற இடம் திண்ணை. இவ்வளவும் போக, நம் சங்கங்களில் எத்தனை சங்கங்களின் முதற்கூட்டம் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது என்பதை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள். பங்குத்தொகை எண்ணப்பட்டதும் சண்டை போட்டதும் சமாதானமானதும் அங்கேதான்.

நமது நகரத்துத் திண்ணைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதியில் வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் மறைந்திருக்கின்றன. வாயிற்கதவைத் திறந்தால்தான் தோட்டமும் தூண்களும் தெரியும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வீடு தன் முகத்தை வீதிக்குக் காட்டுகிறது. முதலில், வீதியோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சரிவு, அதாவது தாழ்வாரம். அதன் நிழலில் வழிப்போக்கர் எவரும் நடக்கலாம். அதற்கு உட்புறம் வாசலின் இருபக்கமும் திண்ணை. அதற்கு அப்பால்தான் கதவு, நடை, முற்றம். வீதிக்கும் வீட்டுக்கும் இடையே இப்படி இரண்டு படிகள். ஒன்று பெரும்பாலும் வீதியுடையது. மற்றொன்று பெரும்பாலும் வீட்டுடையது. இரண்டும் முழுவதும் ஒருவருடையது அன்று. தரைத்தளம் இவ்வாறு தமிழ் முறையில் இருக்க, மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூண்களும் வளைவுச் சன்னல்களும் கொண்ட வீடுகள் பலவற்றை இன்றும் காணலாம். 18ஆம் நூற்றாண்டின் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே இக்கலப்புக்குச் சான்று.

இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1693ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இந்நகரைக் கைப்பற்றி, 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் வைத்திருந்த அச்சிறு காலத்தில் வரைந்த படங்களிலேயே இன்றைய நேர்கோட்டு வீதிகளின் கரு இருப்பதை ஆய்வாளர் ழான் தெலோஷ் எடுத்துக் காட்டியுள்ளார். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பழைய வீதிக் கோடுகளின்மேலேயே நகர் மீண்டும் எழுந்தது. கோடு அதிகாரிகள் போட்டது. அந்தக் கோட்டுக்கு நிழலும் அமரும் இடமும் கொடுத்தவர்கள் குடியிருந்தவர்கள். வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்து வந்ததால்தான் அது தெருவுக்கு நிழலாயிற்று. நடுவில் ஒருவர் அடைத்துவிட்டால், வழிப்போக்கன் வெயிலில் இறங்க வேண்டியதுதான். அடைத்தவருக்கு ஓர் அறை லாபம். நஷ்டம் தெரு முழுவதற்கும். தவணை தவறும் ஓர் அங்கத்தினரால் சங்கம் முழுவதும் படும் பாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மவர் பலர் சென்று குடியேறிய சிங்கப்பூரிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கு 1822ஆம் ஆண்டில் இராபிள்ஸ் துரை நகரத் திட்டம் வகுத்தபோது, செங்கல்லால் கட்டும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த ஆழமுடைய தாழ்வாரம் ஒன்று இருக்க வேண்டும், அது எப்பொழுதும் நடப்போருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். அதுவே பின்னர் ஐந்தடிப் பாதை எனப் பெயர் பெற்றது. இங்கே வழக்கமாய் இருந்ததை அங்கே சட்டம் ஆக்கினார்கள். ஆனால் சட்டம் எழுதியதோடு வேலை முடியவில்லை. கடைக்காரர்கள் அப்பாதையில் சரக்கை அடுக்கினார்கள். நகராட்சி அகற்ற வந்தது. 1888ஆம் ஆண்டில் கலகமே மூண்டது. நடக்கும் உரிமைக்கும் விற்கும் உரிமைக்கும் இடையே வரம்பு கட்டுவது எளிதன்று என்பதற்காகவே இதை எடுத்துச் சொல்கிறோம். எனினும் பாதை அழியவில்லை. அந்நகரின் பழைய வீதிகளில் இன்றும் மழையில் நனையாமல் நடக்கலாம்.

இனி, திண்ணைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை ஒளிக்காமல் பார்ப்போம். ஆக்கிரமிப்பு என்பது முதற்குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு. தாழ்வாரத்தைத் தட்டி வைத்து அடைத்து, பிறகு சுவர் வைத்து, பிறகு கடை வைத்து வாடகை வாங்கியவர்கள் நம் நகரில் உண்டு. அவர்களில் சிலர் நமது அங்கத்தினர்களே. வாய்க்கால்மேல் படி கட்டித் தண்ணீரை மறித்தவர்களும் உண்டு. அவற்றை அகற்றுவது நியாயமே. ஆனால் அடைத்த தாழ்வாரத்துக்கும் திறந்த தாழ்வாரத்துக்கும் வேறுபாடு காணாமல், முன்னே நீட்டியதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று ஒரே கோலால் அளந்தால், திறந்து வைத்தவர்தான் தண்டனை அடைகிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதுவே கனமானது. திண்ணை எல்லோருக்கும் பொது என்று பழம்பெருமை பேசுவது எளிது. எந்தத் திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும், யார் அத்தெருவிலேயே நடக்கக் கூடாது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த காலம் நெடியது. அதன் மிச்சம் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. பெண்களுக்குப் பிற்பகல் வேளையும் ஆண்களுக்கு மற்ற வேளையும் என்ற ஏற்பாடும் இருந்தது. திண்ணையைக் காக்க வேண்டும் என்று சொல்லும்போது இவற்றையும் சேர்த்துக் காக்கச் சொல்லவில்லை. ஆயினும் இதற்கு மருந்து மதிற்சுவர் அன்று. மதிலுக்குள் போனபின் யாரும் யாரோடும் அமர வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது. சாதியும் கேள்வியின்றி உள்ளேயே இருந்துவிடுகிறது. ஒரே பாயில் அமர்ந்து பொதுக்குழு நடத்தப் பழகிய சங்கத்தார் திண்ணையையும் அவ்வாறே நடத்தலாம்.

சட்டத்துக்கு வருவோம். 2012ஆம் ஆண்டின் புதுச்சேரி கட்டட உபவிதிகளும் மண்டல ஒழுங்கு விதிகளும் நம் பகுதிக்கு உரியவை. வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடச் சொல்வது இக்காலக் கட்டட விதிகளின் பொது இலக்கணம். தீ, காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றையும் கருதி எழுந்த விதி அது. அதைப் பழிப்பது அறியாமை. ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டிப் பார்த்தபோது நமக்கு ஒன்று வியப்பளித்தது. கட்டிய பரப்பைக் கணக்கிடும்போது, மேலே மாடியில்லாத முன்மண்டபத்தைச் சேர்க்க வேண்டாம் என்று அது சொல்கிறது. காலியிடத்தின் மேல் வெயில் மறைப்பு 0.75 மீட்டர் வரை நீளலாம் என்றும் சொல்கிறது. அது ஏறத்தாழ இரண்டரை அடி. ஒரு சாதாரணத் திண்ணையின் அகலமும் அவ்வளவுதான்! 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டமும் வீட்டின் உட்பரப்பை அளக்கையில் பால்கனியையும் தாழ்வாரத்தையும் நீக்கியே அளக்கிறது. ஆகவே திறந்த முகப்பை வீட்டின் கணக்கிலிருந்து விலக்கி வைக்கும் எண்ணம் நாட்டின் சட்டங்களுக்குப் புதிதன்று. மோட்டார் வண்டி நிற்கும் போர்ட்டிகோவுக்குக் காட்டும் தயவை, மனிதர் அமரும் திண்ணைக்கும் காட்டுக என்பதே நமது வேண்டுகோள்.

இதைப் பழைய வீடுகளைக் காக்கும் நெறிகளில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் ஊர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களின் துணையோடு, இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டது. அவ்வீதியில் நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் தூண்கள் நாம் சொல்வதை நம்மினும் நன்றாகச் சொல்லும். ஆனால் அது ஒரு வீதி. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வீதி போதும், குடியிருக்கிறவர்களுக்குப் போதாது. முத்தியால்பேட்டையில் நாளை எழப்போகும் இரண்டு சென்ட் வீட்டுக்கும் பாகூரில் எழப்போகும் வீட்டுக்கும் உரிய பொது விதியிலேயே, திண்ணை, தாழ்வாரம் என்ற சொற்கள் நம் மொழியிலேயே, அளவோடும் நிபந்தனையோடும் இடம்பெற வேண்டும். திறந்தே இருக்க வேண்டும், கதவோ கம்பியோ வைத்து அடைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, வாய்க்காலை மறைக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். ஒரு வரிசை வீட்டார் எல்லாரும் சேர்ந்து விண்ணப்பித்தால் தொடர் தாழ்வாரத்துக்கு அனுமதி என்பது நம் சொந்த யோசனை. தனி மனிதன் கேட்டால் சலுகை. தெரு கேட்டால் அது திட்டம்.

வேறொரு பகைவனும் திண்ணைக்கு உண்டு. அவனை எந்த விதிப்புத்தகமும் கண்டுகொள்வதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவதால் வீதி ஆண்டுக்காண்டு உயர்கிறது. இடுப்பளவு இருந்த திண்ணை முழங்காலளவாகி, சில வீதிகளில் கணுக்காலளவாகிவிட்டது. மூன்று படி ஏறிய வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்குகிறோம். 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயல் கரை கடந்தபோது நம் நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. உயர்ந்த திண்ணையுள்ள வீட்டில் நூல் பிழைக்கும். தாழ்ந்த வீட்டில் பாவோடு நனையும். குழித்தறி வைத்திருப்பவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிது போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நமது நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்க்கலாம். வீட்டின் அடித்தளம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு விதி சொல்லிவிட்டு, அந்தத் தரையை நாமே உயர்த்திக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

சங்கங்கள் தம்மளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு கட்டக் கடன் கேட்டு வரும் விண்ணப்பத்தோடு சேரும் மதிப்பீட்டில் திண்ணையை ஒரு தனி இனமாகக் காட்டச் சொல்லலாம். தறியுள்ள வீட்டில் அதைத் தொழிற்செலவாகவே கருதலாம். படம் போடுகிறவர் அனுமதி கிடைக்காது என்றால், எந்த விதியின்கீழ் என்று எழுதித் தரும்படி சங்கத்தின் பெயராலே கேட்கலாம். அப்படிக் கேட்டாலே பாதித் தடைகள் கரைந்துபோகும் என்பது நம் அனுபவம்.

முன்னே சொன்ன அங்கத்தினர் வரைபடத்தைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு சென்றார். மறு வாரம் மீண்டும் வந்தார். இரும்புக் கதவு ஓரடி உள்ளே தள்ளியிருந்தது. வாசலின் வலப்பக்கம் மட்டும் ஒரு திண்ணை வரையப்பட்டிருந்தது. இடப்பக்கத்தை மோட்டார் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார். அனுமதிக்கு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. அவருடைய தாயார் மட்டும், தார் சுற்றக் காலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, திண்ணையை இடப்பக்கம் மாற்றச் சொல்கிறாராம்.