மதிப்பெண் சொல்லாத கணக்கு



பள்ளிப் பிள்ளைகளின் கற்றலை அளக்க 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்த ‘பரக்’ ஆய்வும் மாதிரி முறையில், அதாவது சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, நடத்தப்பட்டவை. அவை மாவட்டத்தின் சராசரியைக் காட்டுமே தவிர, கெலவரப்பள்ளி போன்ற ஊர்களில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதைக் காட்டமாட்டா. ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளோடு, ஆலை வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் படிப்பதால், 42இலிருந்து 17ஐத் தடுமாறாமல் கழிக்கும் சிறுமி, “கூடையிலிருந்த 42 தக்காளிகளில் 17 அழுகின; எஞ்சியவை எத்தனை?” என்று தமிழில் கேட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடக்கூடும்; விடைத்தாளிலோ அது கணக்கில் பிழை என்றே பதிவாகும்.

அப்பதிவை நம்பி ஆசிரியருக்குக் கழித்தல் கற்பிக்கும் பயிற்சி அளிப்பது வீண் செலவு. மாவட்டங்களின் தரவரிசை செய்தித்தாளுக்குத் தலைப்பாகலாம், வகுப்பறைக்கு உதவாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், எந்த வினாவில் எந்தத் தவறான விடை மிகுதியாக வந்தது என்னும் வினாவாரிப் பகுப்பாய்வை வட்டார வள மையங்களுக்குத் தருவதும், தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கும்போது அவர்களின் வீட்டுமொழியையும் குறித்துக்கொள்வதும் இப்பகுதிக்கு உடனடித் தேவைகள்.

வாசகர்,
கெலவரப்பள்ளி