ஹெட்ஃபோனைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

"ஆயிரம் ரூபாய் ஹெட்ஃபோன் வேற எப்படிடா கேட்கும்?" ஹாஸ்டல்ல யாராவது சவுண்ட் சரியில்லைன்னு சொன்னா உடனே வர்ற பதில் இது. அடுத்த சேல்ல அஞ்சாயிரத்துக்கு ஒண்ணு வாங்கிடு என்ற இலவச ஆலோசனையும் கூடவே வரும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விலை குறைந்த ஹெட்ஃபோனில் பல நேரம் சொதப்புவது டிரைவர் அல்ல. அதைச் சுற்றி இருக்கிற குஷன், காற்று, ஓட்டை இவைதான். இவற்றை நாமே மாற்றலாம்.

யெரூன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2017ல் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த ஸ்வரம் தூக்கலாக வருகிறது, எது அமுங்குகிறது என்ற அந்த ஃப்ரீக்வன்சி கணக்குக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் முடிவு. காசு கூடக் கொடுத்தால் உறுதி, சொகுசு, பெயர் கிடைக்கலாம். நல்ல சவுண்டுக்கு அது உத்தரவாதம் இல்லை.

மாடிஃபிகேஷன் என்றதும் இது ஏதோ வெளிநாட்டுக்காரன் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் சாந்தோமிலிருந்து நடந்து மயிலாப்பூர் சபா ஏதாவது ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். கச்சேரிக்கு முன்னாடி மிருதங்க வித்வான் இடது பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவார். தோலுக்கு எடை கூடும், சுருதி இறங்கும், அந்த 'கும்' கிடைக்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். செலவு ஒரு கைப்பிடி ரவை. வலது பக்கத்துக் கறுப்பு வட்டம் அதைவிடப் பெரிய வித்தை. வெறும் தோலில் ஒழுங்கில்லாமல் சிதறும் மேல்சுரங்களை அது எப்படி வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று 1920லேயே 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி.வி. ராமன். 1934ல் இன்னும் விரிவாக எழுதினார். அவர் படித்த மாநிலக் கல்லூரி இதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

ஹெட்ஃபோன் டிரைவரும் அதிர்கிற ஒரு சவ்வுதான். என்ன, அதன் மேல் ரவை பூச முடியாது. சுற்றியிருக்கிற காற்றைத்தான் மாற்ற முடியும்.

முதலில் குஷன். நம்ம ஊர் வியர்வைக்கும், சாந்தோம் பக்கத்து உப்புக்காற்றுக்கும் அந்தப் போலி லெதர் தாங்குவதில்லை. கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து காதெல்லாம் ஒட்டும். குஷன் தேய்ந்தால் காதுக்கும் கப்புக்கும் நடுவே காற்று கசியும். கசிந்தால் முதலில் போவது பேஸ். கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தப் பிரேம் காம்பு வழியாகவும் கசியும். பேஸ் போச்சே, வெளிச் சத்தமும் உள்ளே வருதே என்று பஸ்ஸில் வால்யூமை ஏத்துவோம். இங்கேதான் விஷயம் பாட்டைத் தாண்டிப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 89க்குப் போனால் வாரத்துக்கு மிஞ்சுவது வெறும் 5 மணி நேரம். ஹெட்ஃபோன் போனால் வேற வாங்கலாம், காது? சில நூறு ரூபாய்க்கு அளவு பார்த்து ஒரு ஜோடி குஷன் மாற்றுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துகிறதா? டிஷ்யூ பேப்பரில் ஒரே ஒரு மடிப்பைப் பிரித்தெடுத்து, குஷனுக்கு அடியில், டிரைவர் கிரில் மேல் வையுங்கள். கூர்மை தணியும். இயர்ஃபோன் என்றால் மெடிக்கல் ஷாப் மைக்ரோபோர் டேப். காதுக்குள் போகும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஓட்டையை மூடினால் பொதுவாக பேஸ் கூடும். பின்பக்க ஓட்டையை மூடினால் குறையும். பிடிக்கலையா, பிய்த்துவிடுங்கள். கப் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிற எதிரொலி அடங்கும். ஆனால் சவ்வைத் தொடாதீர்கள், அதன் கம்பி தலைமுடியை விட மெல்லிசு. லித்தியம் பேட்டரி உள்ள புளூடூத் செட்டைப் பிரிக்கவே வேண்டாம். நாய்ஸ் கேன்சலிங் இருப்பதிலும் கை வைக்காதீர்கள். அதன் மைக் கணக்கெல்லாம் கம்பெனி வைத்த காற்றுக்குத்தான் பொருந்தும். வாரன்டி இருந்தால் அது முடியும் வரை பொறுமை.

ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்ற ஸ்டுடியோ ஹெட்ஃபோனுக்குள் களிமண், ஃபெல்ட், பஞ்சு என்று அடைத்துப் பார்த்த கூட்டமே ஒன்று உண்டு. அதில் ஒருவரான டான் கிளார்க் அப்படி மாற்றியமைத்ததை விற்க ஆரம்பித்து, இன்று சொந்தப் பெயரிலேயே ஹெட்ஃபோன் கம்பெனி நடத்துகிறார். லேபில் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் ரீடிங் எடுக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம் என்பவர்களுக்கு ஈக்வலைசர். ஆட்டோஈக்யூ என்ற இலவச புராஜெக்டில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் திருத்த எண்கள் தயாராக இருக்கின்றன. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போட்டு அதை ஏற்றிக்கொள்ளலாம். அது சொல்கிற ப்ரீஆம்ப் அளவைக் குறைக்க மறந்தால் சத்தம் பிசிறடிக்கும். கிழிந்த குஷனை மட்டும் எந்த ஆப்பும் தைத்துத் தராது. தங்கமுலாம் கேபிள், நூறு மணி நேரம் ஓட்டினால் 'பழகிடும்' என்ற கதைக்கெல்லாம் காசையும் நேரத்தையும் கொடுக்காதீர்கள் என்பேன்.

எதை மாற்றினாலும் வால்யூமைச் சமமாக வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடினாலே நல்லா இருக்கிற மாதிரி மூளை நம்மை ஏமாற்றும். எது எது என்று சொல்லாமல் ரூம்மேட்டை மாற்றி மாற்றிப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. டெஸ்ட்டுக்குக் குத்துப்பாட்டு உதவாது. குரலும் மிருதங்கமும் உள்ள ஒரு கச்சேரி ரெக்கார்டிங் போதும். தொப்பியின் 'கும்' பாடுபவரின் குரல் மேல் ஏறி உட்கார்ந்தால், டேப்பில் பாதியைப் பிய்த்துவிட்டு மறுபடி கேளுங்கள்.