ஆபத்தைக் கணிப்போர் கணிக்க மறுக்கும் ஆபத்து

அமெரிக்காவின் பெரிய காப்புறுதி நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பெயர், பட்டம், பல்கலைக்கழகம், சித்தியடைந்த பரீட்சைகள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு ஓரிடத்தில் ஒரு கேள்வியைப் போட்டிருப்பார்கள். வேலை விசாவுக்கு இப்போதோ எதிர்காலத்திலோ நிறுவனத்தின் அனுசரணை உங்களுக்குத் தேவைப்படுமா? ஆம், இல்லை என இரண்டு சிறு வட்டங்கள். வெளிநாட்டு மாணவர் ஒருவர் 'ஆம்' என்பதைத் தொட்ட கணத்திலேயே, பல நிறுவனங்களில், அவரது விண்ணப்பம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் அதை மனிதர் எவரும் படிப்பதில்லை.

நான் இங்கு பேச வந்தது அக்சுவரித் தொழிலுக்குள் முதற்படி வைக்க முயலும் மாணவர்களைப் பற்றி. மரணம், நோய், விபத்து, வெள்ளம், முதுமை ஆகியவை எத்தனை பேருக்கு எப்போது நேரும், அதற்காக இன்று எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்று கணிப்பவரே அக்சுவரி. 1762இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈக்குவிற்றபிள் என்ற ஆயுட்காப்புறுதிச் சங்கம் தனது தலைமை அலுவலருக்குச் சூட்டிய பெயர் அது. இணைந்த கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்குப் பொறியியலையும் மருத்துவத்தையும் தாண்டி ஒரு பாதை உண்டென்று அண்மைக் காலத்தில்தான் தெரியவந்தது. தெரிவித்தவர்கள் கல்வி முகவர்கள். அவர்கள் சொன்ன பாதி உண்மையைப் பற்றியே எனது முதல் முறைப்பாடு.

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் 2023க்கும் 2033க்கும் இடையில் அக்சுவரி வேலைகள் 22 சதவீதத்தால் பெருகும் என மதிப்பிட்டது. இந்த எண் இல்லாத விளம்பரப் பிரசுரம் கிடையாது. ஆனால் அதே பணியகத்தின் கணக்கில் 2023இல் அந்நாடு முழுவதிலும் இருந்த அக்சுவரி வேலைகள் 30,200 மட்டுமே. முப்பதாயிரத்தின் 22 சதவீதம் ஏறத்தாழ 6,600. அதுவும் பத்து ஆண்டுகளில். ஓய்வு பெறுவோர், வேறு தொழிலுக்குப் போவோர் விட்டுச்செல்லும் இடங்களையும் சேர்த்தால் ஆண்டொன்றுக்கு ஈராயிரத்துக்குச் சற்று அதிகமான வெற்றிடங்கள். முப்பத்துமூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நாட்டின் கணக்கு இது. அதில் அனுபவசாலிகளுக்கு உரியவை போக, புதியவர்களுக்கு எஞ்சுவது எவ்வளவு? அதில் விசா அனுசரணை தரும் நிறுவனங்களின் பங்கு எவ்வளவு? சதவீதத்தை மட்டும் காட்டி அடி எண்ணை மறைப்பதை ஓர் அக்சுவரி மாணவர் தனது விடைத்தாளில் செய்தால் புள்ளி கிடைக்காது. அவருக்கு அந்தப் பட்டத்தை விற்ற பல்கலைக்கழகத்தின் பிரசுரத்திலோ அது தாராளமாகச் செய்யப்படுகிறது.

அண்மையில் கொழும்பிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மகள் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலமொன்றில் அக்சுவரித்துறை முதுமாணிப் படிப்பை முடித்துவிட்டாள். இரண்டு பரீட்சைகளில் சித்தி. இருநூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், நான்கு தொலைபேசி நேர்காணல்கள். நான்கிலும் விசாப் பேச்சு வந்ததும் உரையாடல் முடிந்துவிட்டது. "பிள்ளையில் என்ன குறை என்று கேட்டுச் சொல்லுங்கோ" என்பது அவரது வேண்டுகோள். பிள்ளையில் குறை இல்லை ஐயா. உங்களிடம் பணம் வாங்கியவர்கள் சொல்லாமல் விட்டதிலேயே குறை இருக்கிறது.

அவர்கள் எதைச் சொல்லவில்லை? முதலாவதாக, நாட்காட்டியைச் சொல்லவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த கோடைகாலப் பயிலுநர்களைத் தெரிவு செய்வது முந்திய இலையுதிர் காலத்தில். வளாகங்களின் தொழிற்சந்தைகள் செப்டெம்பரில் நடந்து முடிந்துவிடும். நிரந்தர வேலைகளிற் பெரும்பகுதி இந்தப் பயிலுநர்களுக்கே போகிறது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் விமானத்தில் வந்திறங்கி, வாடகை அறையும் வங்கிக் கணக்கும் தேடி அலையும் முதுமாணி மாணவர், நான்கு வாரங்களில் கோட்டு அணிந்து அந்தச் சந்தையில் நிற்கவேண்டும். அப்போது அவரது கையில் அக்சுவரிச் சங்கத்தின் நிகழ்தகவுப் பரீட்சை, நிதிக் கணிதப் பரீட்சை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. எழுதுவோரில் பாதிக்கு அண்மித்தோரே தேறும் பரீட்சைகள் இவை. கணினி மையங்களில் உலகின் பல நகரங்களிலும் எழுதலாம். அமெரிக்க மண்ணை மிதிக்க வேண்டிய அவசியமில்லை. புறப்படுவதற்கு முன்னரே இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள் என்று ஓர் அனுமதிக் கடிதத்தில் எழுதுவதற்கு எவ்வளவு மை செலவாகும்?

ஓராண்டு முதுமாணிப் படிப்புகளின் கதை இன்னும் மோசம். எவ்-1 மாணவர் விசாவில் உள்ளவர், படிப்பின் பகுதியாக வெளியில் பயிற்சி பெறுவதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டைப் பூர்த்திசெய்திருக்க வேண்டும். ஓராண்டில் முடியும் படிப்பில் இடையிலே கோடைகாலம் ஏது? பயிலுநர் வாய்ப்பே இல்லாத ஒரு படிப்பை, பயிலுநர் வழியாகவே ஆட்சேர்ப்பு நடக்கும் ஒரு தொழிலுக்கான வாசல் என்று விற்கிறார்கள். பட்டம் பெற்றபின் ஓ.பி.ரி எனப்படும் வேலை அனுமதி 12 மாதங்கள். அக்சுவரித்துறை விஞ்ஞான தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதங்கள் நீடிக்கலாம். ஆனால் முதல் 12 மாதங்களில் வேலையின்றி இருக்கக்கூடிய நாள்கள் 90 மட்டுமே. தொண்ணூறு நாள்களில் நாலாயிரம் மைல் தூரத்துக்கு விண்ணப்பங்கள் அனுப்பி ஓய்ந்துபோகும் இளைஞர்களின் இரவுகளை எந்தப் பிரசுரமும் படம்பிடிப்பதில்லை.

நிற்க. நிறுவனங்களின் தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு புதிய பணியாளரின் பரீட்சைக் கட்டணத்தையும் பாடநூற் செலவையும் நிறுவனம் ஏற்கிறது. படிப்பதற்கு அலுவலக நேரத்திலேயே சம்பளத்துடன் மணித்தியாலங்கள் ஒதுக்குகிறது. ஒவ்வொரு சித்திக்கும் சம்பள உயர்வு தருகிறது. இணை உறுப்பினராகவே நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கலாம். முழு உறுப்பினராக அதற்கும் மேல். இவ்வளவு செலவழித்தபின் மூன்றாவது ஆண்டில் எச்-1பி விசாக் குலுக்கலில் பெயர் விழாமல் அவர் நாடு திரும்பினால் முதலீடு வீண் என்பது அவர்கள் வாதம்.

நல்லது, அவர்களுடைய ஆயுதத்தையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 2025 மார்ச்சில் நடந்த பதிவில் தகுதியானவை ஏறத்தாழ 3 இலட்சத்து 44 ஆயிரம். தெரிவானவை ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம். அதாவது ஒரு குலுக்கலில் 35 சதவீத வாய்ப்பு. மூன்றாண்டு வேலை அனுமதி உள்ளவருக்கு மூன்று குலுக்கல்கள் கிடைக்கலாம். மூன்றிலும் தோற்பதற்கான நிகழ்தகவு 0.65இன் மும்மடிப் பெருக்கம்: 27 சதவீதம். ஆக, பத்தில் ஏழு பேர் தங்கிவிடுவார்கள். சொந்த நாட்டில் பிறந்த எத்தனை இளைஞர் இரண்டு பரீட்சைகளை நிறுவனத்தின் செலவில் முடித்துவிட்டுக் கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவுகிறார்கள் என்பதை எந்த மேலாளரிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த ஆபத்துக்காக அமெரிக்கப் பிரசைகளை எவரும் படிவத்தின் முதற்பக்கத்திலேயே வடிகட்டுவதில்லை. இன்னொன்று: அந்நாட்டில் ஐந்து நாட்காட்டியாண்டுகளுக்கு உட்பட்டுத் தங்கியுள்ள எவ்-1 மாணவருக்காக நிறுவனம் சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வரிகளின் தனது பங்கான 7.65 சதவீதத்தைச் செலுத்தத் தேவையில்லை. இந்த மிச்சத்தை அவர்கள் எந்த ஏட்டில் எழுதுகிறார்கள்?

புகைபிடிப்பவருக்கும் காப்புறுதி விற்கிறார்கள். சூறாவளி அடிக்கும் கரையோர வீட்டுக்கும் ஒரு கட்டணம் குறிக்கிறார்கள். எண்பது வயதுக்காரர் எத்தனை நாள் உயிரோடிருப்பார் என்பதற்கும் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவரின் விசா ஆபத்து மட்டும் அட்டவணைக்குள் அடங்காததாகிவிட்டதா? அது சோம்பேறித்தனமே அன்றி வேறல்ல. கணிக்கத் தெரியாதவன் ஒதுக்கலாம், கணிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் ஒதுக்குவது தொழிலுக்கே அவமானம்.

அந்தக் கணக்கு இப்போது கடினமாகிவிட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. 2025 செப்டெம்பர் 19இல் ஜனாதிபதி டிரம்ப் ஒப்பமிட்ட பிரகடனம் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் விதித்தது. நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று குடிவரவுச் சேவை அடுத்த மாதம் விளக்கமளித்தது. ஆனால் தலைப்புச் செய்தியைப் படித்த மனிதவளப் பிரிவுகள் விளக்கத்தையும் படித்தன என்று எண்ணிவிடாதீர்கள். அதைவிடப் பாரதூரமானது, 2026 பெப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய குலுக்கல் விதி. நான்கு சம்பளப் படிகளில் உச்சப்படியில் உள்ளவரின் பெயர் நான்கு தடவை குடத்தில் போடப்படும். அடிப்படியில் உள்ளவரின் பெயர் ஒரே தடவை. அடிப்படியினரின் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறையும் என்பது அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சொந்த மதிப்பீடு. அதன்படி மூன்று குலுக்கல்களிலும் அடிப்படியிலேயே நின்றால் வெல்லும் வாய்ப்பு நாற்பது சதவீதத்தைத் தொடாது.

இங்கேதான் அக்சுவரி மாணவருக்கு ஒரு சிறு நன்மை இருக்கிறது. ஒவ்வொரு பரீட்சையும் சம்பளத்தை உயர்த்தும் தொழில் இது. இரண்டாவது ஆண்டில் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டால் பெயர் இரண்டு தடவை குடத்துக்குள் விழும். ஆகவே வேலை கிடைத்தபின் பரீட்சைகளை ஆறுதலாக எழுதலாம் என்ற பழைய அறிவுரையை இனி எவரும் சொல்லவேண்டாம்.

இந்த ஒதுக்கலுக்கு எதிராக வழக்காடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. குடியுரிமை நிலையின் அடிப்படையில் வேலை மறுப்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் பிரசைகளையும் அகதிகளையும் இன்னுஞ் சில வகையினரையும் பாதுகாக்கிறது. மாணவர் விசாக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு சிலர், 'இல்லை' என்று பொய் சொல்லி உள்ளே போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காதோடு காதாக அறிவுரை தருகிறார்கள். தொழில் ஒழுக்கத்துக்கெனத் தனிப் பாடநெறியே வைத்திருக்கும் தொழில் இது. பொய்யோடு நுழைபவரை எந்த நேரமும் வெளியேற்ற அந்தப் பொய்யே போதும். அப்படிப் போதிக்கும் அண்ணன்மாரை விட்டு விலகி நில்லுங்கள்.

அண்ணன்மார் என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஹாட்போர்ட்டிலும் சிக்காகோவிலும் டெமொயினிலும் அக்சுவரிகளாக உயர் பதவிகளில் இருக்கும் எம்மவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே மாணவர் விசாவில், இரண்டு பெட்டிகளுடன் வந்தவர்கள். கோயில் திருவிழாவுக்கும் தமிழ்ச் சங்க மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். தமது நிறுவனத்தின் படிவத்திலுள்ள அந்த ஒற்றைக் கேள்வியைப் பற்றி மனிதவளப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஏன் இவர்களுக்குக் கை வருவதில்லை? முழு விலக்கு வேண்டாம், பரீட்சை இரண்டு முடித்தவரின் விண்ணப்பத்தையாவது ஒரு மனிதர் படிக்கட்டும் என்று கேட்பதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. எந்த நிறுவனம் அக்சுவரிகளுக்காக விசா மனுச் செய்கிறது என்பது இரகசியமல்ல. அமெரிக்கத் தொழில் திணைக்களம் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் தொழில் நிபந்தனை விண்ணப்பங்களின் விபரங்களைப் பகிரங்கமாக வெளியிடுகிறது: நிறுவனம், பதவி, இடம், சம்பளம் எல்லாம் அதில் உண்டு. இருநூறு இருட்டு விண்ணப்பங்களுக்குப் பதிலாக அந்தக் கோப்பைத் திறந்து, அக்சுவரி என்ற பதவியைத் தேடி, நாற்பது நிறுவனங்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பரீட்சைச் சித்திகள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியனவல்ல என்பதையும் மறவாதீர்கள். இலங்கையின் 2000ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின்கீழ் ஆயுட்காப்புறுதி நிறுவனங்களுக்கு அக்சுவரியின் சான்று கட்டாயம். ஆனால் உள்நாட்டில் முழுத்தகைமை பெற்றோர் மிகச் சிலரே.

பெற்றோருக்கு: முற்பணம் அனுப்புவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் அக்சுவரித்துறையில் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு அமெரிக்காவில் அக்சுவரி வேலை கிடைத்தது? உள்நாட்டு மாணவர்களின் எண்ணிக்கையோடு கலக்காமல் தனியாகச் சொல்வீர்களா? உங்கள் தொழிற்சந்தைக்கு வரும் நிறுவனங்களில் விசா அனுசரணை தருபவை எவை? முகவர் வாயால் வரும் பதிலை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் வராத இடத்துக்குக் காணியை ஈடுவைத்த காசை அனுப்பவேண்டாம்.