வாலை நிமிர்த்தும் வாத்தியார்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர் அமெரிக்காவின் டென்னஸி பக்கம் போயிருக்க நியாயமில்லை. அங்கே பாயிண்ட்டர் என்று ஒரு ஜாதி நாய். புதருக்குள் காடை பதுங்கியிருக்கிற வாசனை வந்தால் போதும், அப்படியே சிலை! மூக்கு காடையைப் பார்த்து, ஒரு முன்னங்கால் அந்தரத்தில், வால் வானத்தைப் பார்த்து. கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள் மாதிரி வால் நிற்க வேண்டுமாம். அதுதான் அழகு என்று கொண்டாடுகிறார்கள்.

வாசனை பிடித்து நிற்பது ரத்தத்திலேயே இருக்கிறது. பறவை படபடவென்று கிளம்பினாலும், தலைக்கு மேல் துப்பாக்கி வெடித்தாலும் நின்றது நின்றபடி நிற்க வேண்டும் பாருங்கள், அது படிப்பு. இந்தப் படிப்புக்காக நாயை ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். இரண்டு, மூன்று மாதம். ஃபீஸ் மாதத்துக்குப் பல நூறு டாலர், பேர் எடுத்த வாத்தியார் என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

'நாய்க்கா இத்தனை?' என்று பதறாதீர்கள். நான் பி.காம். ஆசாமி, செலவைப் பிரித்துப் பார்த்தேன். வாத்தியார் முக்கியமாக விற்பது பறவை. நாய்க்குப் பாடம் சொல்வது மனுஷன் இல்லை, பறவைதான். ஆபீஸ் போய் வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை காட்டைச் சுற்றினால் ஒரு காடை கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். வாத்தியாரிடம் கூண்டு கூண்டாகப் புறா.

அந்தப் புறாவை வைத்துச் செய்கிற வித்தை ரொம்ப சுவாரஸ்யம். ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் புறாவை உட்கார வைத்துப் புல்லுக்குள் ஒளித்துவிடுவார். ரிமோட் அவர் கையில். நீளக் கயிற்றில் நாய் வருகிறது. வாசனை வந்ததும் நிற்கிறது. நின்றால் சரி. ஆசை தாங்காமல் ஓரடி முன்னே வைத்தால் பட்டனை அமுக்குகிறார். பெட்டி திறந்து புறா ஆகாயத்துக்குப் போய்விடும். திட்டு இல்லை, அடி இல்லை. கிட்டப் போனால் பறவை போச்சு, நின்றால் பறவை இருக்கும். இந்த ஒரு பாடம்தான், நாயாகப் புரிந்துகொள்கிற வரை நடக்கும்.

அடுத்தது துப்பாக்கி. இங்கேதான் நல்ல நல்ல நாயெல்லாம் வீணாகிறது. 'நம்ம டைகருக்கு தைரியம் இருக்கா பார்ப்போம்' என்று குட்டியின் காதருகே வெடித்துப் பார்க்கும் மேதாவிகள் அங்கேயும் உண்டு. தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் நடுங்குகிற நாயை நாமும் பார்த்திருக்கிறோம். அந்த பயம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எடுப்பது மகா கஷ்டம். எடுக்க முடியாமலே போவதும் உண்டு. விவரமான வாத்தியார், நாய் பறவையைத் துரத்துகிற குஷியில் இருக்கும்போது தூரத்தில் சின்ன சத்தமாக ஆரம்பித்து, நாள்கணக்கில் கிட்டே கொண்டு வருவார்.

தென் மாநிலங்களில் வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் வாத்தியார்கள் பலர் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கு டகோட்டா, மொன்டானா என்று புல்வெளிகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சம்மர் கேம்ப்! 1896-ல் தொடங்கிய தேசிய சாம்பியன்ஷிப்பில் ஒரு நாய் 3 மணி நேரம் தேடி ஓட வேண்டும், நடுவர்கள் குதிரையில் பின்னாலேயே வருவார்கள் என்றால் சும்மாவா? (படித்துவிட்டு இங்கே யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைச் சுட்டால் நாய் வீட்டில், நீங்கள் உள்ளே.)

வாத்தியார் நல்லவரா என்று எப்படித் தெரியும்? சுவரில் மாட்டிய மெடலைப் பார்க்காதீர்கள். அவர் கொட்டடிப் பக்கம் போகும்போது மற்ற நாய்களைப் பாருங்கள். வால் ஆடினால் சேர்க்கலாம். கால்களுக்கு நடுவே போனால் அட்வான்ஸைக் கொடுக்காமல் வண்டியைத் திருப்புங்கள். கழுத்துப் பட்டையில் கரண்ட் வைக்கிற கருவி எல்லோரிடமும் இருக்கும். அதைக் கோபம் வந்த கையில் கொடுத்தால் நாய் பறவையைக் கண்டாலே ஒதுங்கிவிடும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்களா, அங்கே ஆரம்பிக்கிறது கூத்து. நிற்கச் சொல்ல 'வோ' என்று ஒரு வார்த்தை, குதிரைக்குச் சொல்வதுதான். வாத்தியார் ஒரே தடவை சொல்வார், நாய் நிற்கும். எஜமானர் 'வோ, வோ, வோ, ஏய் வோ!' என்கிறார். நாய் முதல் மூன்றை இலவச இணைப்பாக எடுத்துக்கொள்கிறது. சோபாவிலிருந்து இறங்கு என்பதற்கும் வீட்டம்மா அதே 'வோ'தான். ஒரே மாதத்தில் மூன்று மாத ஃபீஸும் காலி.

அதனால் கெட்டிக்கார வாத்தியார்கள் கடைசி நாளில் நாயைச் சும்மா ஒப்படைப்பதில்லை. குடும்பத்தோடு வரச் சொல்லி, மைதானத்தில் நிறுத்தி, கயிற்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பரீட்சை வைக்கிறார்கள். பிள்ளைகள் சீக்கிரம் பாஸாகிவிடும். அப்பாதான் இரண்டாவது 'வோ'வை வாய்க்குள் அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பார், நாய் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்கும்.