புளிக்கும் ஆப்பிளுக்காக ஒரு வாதம்

வசந்தத்தில் பூத்துக் குலுங்கிய ஆப்பிள் மரம் சில வாரங்களுக்குள் தீயில் வாட்டியதுபோல் கருகிப்போவதுண்டு. பூக்கள் பழுப்பேறும்; இளங்கிளைகளின் நுனி தொரட்டிபோல் வளையும்; கரிந்த இலைகள் உதிராமல் கிளையிலேயே தொங்கும். எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோயைத் தமிழில் தீக்கருகல் எனலாம். 1780களில் அமெரிக்காவின் ஹட்சன் பள்ளத்தாக்கில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. 1919இல் நியூசிலாந்தையும் 1957இல் இங்கிலாந்தையும் எட்டியது. 2000ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் மடிந்தன. இழப்பு 4.2 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

பழி முழுவதையும் பாக்டீரியாவின் மேல் போட்டுவிடுவது எளிது. அதில் பாதி நம் நாக்கைச் சேரும் என்பது என் துணிபு.

ஆப்பிள் விதை தாயைப்போல் பிள்ளையைத் தருவதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். பிடித்த சுவை மாறாதிருக்க வேண்டுமானால் ஒட்டுக்கட்டியே ஆகவேண்டும். ஆகவே, உலகிலுள்ள காலா மரங்கள் அனைத்தும் ஒரே மரத்தின் துண்டுகள்தாம். புதிய ரகங்களின் வம்சத்தைத் துருவினாலும் கோல்டன் டெலிஷியஸ், காக்ஸ், ஜோனதன், மெக்கின்டாஷ் எனச் சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மண்ணுக்குள் இருக்கும் வேர்ச்செடியும் பல தோட்டங்களில் ஒன்றேதான்: இந்நோய்க்கு எளிதில் இரையாகும் எம்.9. மரம் நாம் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. கிருமியோ மாறிக்கொண்டே போகிறது.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தோர் இதை அறிவர். ஒரே ஒரு பிரதி எஞ்சிய நூலில் செல்லரித்த இடத்தை நிரப்ப வழியில்லை. பாடபேதங்கள் பதிப்பாசிரியருக்குத் தொல்லை. நூலுக்கோ அவையே காப்பு.

ஆப்பிளின் பாடபேதங்கள் காட்டில் இருக்கின்றன. சைபீரியக் காட்டு ஆப்பிளின் வழிவந்தது ரொபஸ்டா 5. அதன் சிறு பழத்தைச் சந்தையில் யாரும் தேடமாட்டார்கள். ஆனால் தீக்கருகலைத் தாங்கும் ஆற்றல் அதனிடம் இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் 1968இல் தொடங்கிய திட்டம் அந்த ஆற்றலை வேர்ச்செடிகளுக்குக் கொண்டுவந்தது. 1975இல் செய்த ஒரு கலப்பிலிருந்து பிறந்த ஜி.41 தோட்டக்காரர் கைக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தகைய வேரில் நிற்கும் மரம் கிளைகளை இழந்தாலும் அடியோடு சாவது அரிது.

அதே ரொபஸ்டாவின் எதிர்ப்பு மரபணு ஒன்றை நேரடியாகக் காலாவில் புகுத்தி, அது வேலை செய்வதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். மரபணு மாற்றம் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்களுடன் இங்கே நான் உடன்படவில்லை. ஆப்பிளின் மரபணு ஆப்பிளுக்கே போகிறது. கலப்பினால் தலைமுறைகள் பிடிக்கும் காரியம் விரைவில் முடிகிறது. மாற்றாக இருப்பது ஸ்ட்ரெப்டோமைசின் தெளிப்பு. மனிதரின் காசநோய்க்குக் கொடுத்த மருந்து அது. 1970களிலேயே கலிபோர்னியாவில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. அமெரிக்க இயற்கைவழி ஆப்பிள் சாகுபடியில் 2014 அக்டோபருக்குப்பின் அதற்கு இடமில்லை.

ஆனால் ஒரு மரபணுவை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாக்டீரியாவின் ஒரு புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் ரொபஸ்டாவின் காவல் தகர்ந்துவிடும் என்பதை 2013இல் வெளியான ஆய்வு உணர்த்தியது. ஒரு பூட்டு போதாது. வட அமெரிக்க மேற்குக்கரையின் மாலஸ் ஃபுஸ்கா போன்ற பிற காட்டினங்களின் எதிர்ப்புத்திறனையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

அப்படியானால் காடு இருக்க வேண்டும். நாம் உண்ணும் ஆப்பிளின் மூதாதை மாலஸ் சீவர்சீ. அதன் தாயகம் தியான் ஷான் மலைச்சாரல். 1929இல் அங்கு சென்று அதைக் கண்டு சொன்ன வவிலோவ், 1943இல் சோவியத் சிறையில் இறந்தார். 1989 முதல் 1996 வரை அமெரிக்க வேளாண்துறையினர் கஜகஸ்தானில் விதை சேகரித்து ஜெனீவாவில் வளர்த்தார்கள். அந்த மரங்கள் எல்லாமே நோயைத் தாங்குபவை அல்ல, சில தாங்குகின்றன. எது தாங்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால்தான் அத்தனையும் வேண்டியிருக்கிறது. அல்மாட்டி நகரும் பழத்தோட்டங்களும் விரிய விரிய அக்காடுகள் சுருங்கின. இப்போது தீக்கருகலும் கஜகஸ்தானுக்குள் நுழைந்துவிட்டது.

விதை வங்கி அவசியம். எனினும் அது ஒருநாள் எடுத்த நிழற்படமே. காட்டில் மரமும் கிருமியும் தொடர்ந்து மோதி மாறுகின்றன. அந்த மோதலில் பிறப்பதைக் குளிரறையில் பெற முடியாது. கடையில் அறியாத பெயருள்ள ஆப்பிளை ஒதுக்காமல் வாங்குவதும், யாரும் தின்னாத புளிப்புக் காய்க்கென ஒரு மலைச்சாரலை விட்டுவைப்பதும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள். நமக்குப் பிடித்த இனிப்பு நிலைப்பது அந்தப் புளிப்பின் தயவில்தான்.