ஓட்டத்திற்கு ஒரு கூட்டாளி

அண்மையில் ஒரு சகோதரி எமக்கு எழுதியிருந்தார். குடும்பத்துடன் இந்நாட்டிற்கு வந்து எட்டு மாதங்களே ஆகின்றன. கணவருக்கு இரவு வேலை. பகலில் நித்திரை, எழுந்தால் தொலைபேசி, பின்பு திரும்பவும் வேலை. இரத்தப் பரிசோதனையில் சீனி கூடியிருப்பதாகச் சொன்ன வைத்தியர், நாள்தோறும் நடக்கவோ மெதுவாக ஓடவோ வேண்டும் என்று கூறியிருக்கிறார். ஓடுவதற்கென்று சப்பாத்தும் வாங்கியாயிற்று. "மூன்று நாள் போனார். நாலாம் நாள் மழை என்றார். இப்ப சப்பாத்து வாசலில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார்.

வதிவிட அனுமதி, பிள்ளைகளின் பாடசாலை, வீட்டு வாடகை என்று எழுதிவந்த இப்பகுதியில் இம்முறை அந்தச் சப்பாத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறோம். ஏனெனில் அதேபோன்ற ஒரு சோடிச் சப்பாத்து எமது வாசலிலும் பல மாதம் கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ள நாம் யங்கூன் வரை போகவேண்டியிருந்தது.

இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்து சில ஆண்டுகளின் பின், 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வேலை நிமித்தம் நாம் மியன்மாருக்குச் சென்றோம். எங்கள் பெரியவர்கள் ரங்கூன் என்று சொன்ன ஊர்தான் இன்றைய யங்கூன். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களில் தமிழரும் பெருந்தொகையினர். இன்று தொகை எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனாலும் நகரின் நடுவே, 1871இல் தமிழர் கட்டிய காளி கோவிலின் கோபுரம் நிறங்குறையாமல் நிற்கிறது. அந்தக் கோவில் வாசலில்தான் எமது ஓட்டக் கூட்டாளியைச் சந்தித்தோம்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. சிறிய துணிக்கடை வைத்திருந்தார். 1964இல் கடைகளையும் வியாபாரங்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது அவருடைய பெரியப்பா குடும்பம் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது; இவருடைய தகப்பனார் போகவில்லை. பிள்ளைகள் வீட்டிலும் பர்மிய மொழியே பேசுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு குறை. எங்கள் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "பேசுங்க தம்பி, கேக்க நல்லாருக்கு" என்றார். அதே ஆண்டு ஜனவரியில் யங்கூனில் முதன்முறையாக யோமா யங்கூன் சர்வதேச மரதன் ஓட்டம் நடந்திருந்தது. அதை வீதியோரம் நின்று பார்த்தவருக்கு அடுத்த ஆண்டு அரை மரதனாவது ஓடவேண்டும் என்று ஆசை. முழு மரதன் 42.195 கிலோமீற்றர், அரை மரதன் 21 கிலோமீற்றருக்குச் சற்று மேல். "தனியா ஓடினா நான் பாதியில திரும்பிடுவேன். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார்.

எமக்கும் அப்போது சீனி எல்லையில் நின்றது. வைத்தியரிடம் காட்டி அனுமதி பெற்றுக்கொண்டு செப்டெம்பரில் தொடங்கினோம். அதிகாலை நாலேமுக்காலுக்கு அவருடைய தெரு முனையில் சந்திப்பது. கண்டோஜி ஏரிப் பக்கம் ஓடுவது. ஆறரைக்குள் வீடு திரும்புவது. இதுதான் ஏற்பாடு.

முதல் மாதம் மழை. யங்கூனில் மழைக்காலம் மே மாதக் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கும். வானத்தைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும். எத்தனையோ நாள் கட்டிலில் கிடந்தபடி மழைச் சத்தத்தைக் கேட்டு, இன்று வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த கணம், அந்த மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு தெரு முனையில் நிற்பாரே என்ற எண்ணம் வரும். எழும்பிவிடுவோம். பின்னொரு நாள் அவரிடம் இதைச் சொன்னபோது, "எனக்கும் அதே கதைதான் தம்பி. நீங்க வந்து நிப்பீங்களேன்னுதான் நானும் எந்திரிச்சேன்" என்றார்.

சகோதரியின் கேள்விக்கு எமது பதிலில் முக்காற்பங்கு இதிலேயே இருக்கிறது. கூட்டாளியின் உதவி ஓட்டத்தில் அல்ல, ஓடத் தொடங்கும் முன்னரே கிடைத்துவிடுகிறது. புதிய நாட்டில் எம்மை யாரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. ஊரில் வாசிகசாலை, சந்தி, கோவில் வீதி என்று எங்கு போகாவிட்டாலும், "ஏன் காணேல்லை?" என்று கேட்க ஒருவர் இருந்தார். இங்கே வேலைக்குப் போகாவிட்டால் மட்டுமே கேட்பார்கள். உடம்பு சோர்வதற்கு முன்பே மனம் சோர்ந்துவிடுவது அதனால்தான்.

இனி ஓட்ட முறைக்கு வருவோம். கிழமையில் மூன்று நாள் ஓட்டம். செவ்வாயும் வியாழனும் குறுந்தூரம், ஞாயிறு நெடுந்தூரம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஞாயிறு ஓட்டத்தை 4 கிலோமீற்றரில் தொடங்கி, கிழமைக்கு ஒன்று ஒன்றாகக் கூட்டி, நாலாவது கிழமையில் சற்றுக் குறைத்து ஓய்வு கொடுத்து, டிசம்பர் முடிவில் 17 வரை கொண்டுவந்தோம். இருதயமும் சுவாசமும் விரைவில் பழகிவிடும். தசைநார்களும் எலும்புகளும் பழக அதைவிடக் கூடிய காலம் எடுக்கும். அவசரப்பட்டுத் தூரத்தைக் கூட்டுபவர்களுக்கு முழங்காலிலும் குதிக்காலிலும் நோ வருவது இதனாலேயே.

வேகத்தை அளக்க மணிக்கூடு தேவையில்லை. ஓடும்போது முழு வசனமாகப் பேச முடியவேண்டும். மூச்சு வாங்கி வசனம் துண்டுதுண்டானால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த அளவுகோலுக்குக் கூட்டாளி அவசியம் என்று சொல்லவேண்டியதில்லை. எமது கூட்டாளி இதைத் தம் பாணியில் சொல்வார்: "பேச முடியலன்னா அது ஓட்டம் இல்ல தம்பி, நம்மள யாரோ துரத்துறாங்க."

துரத்தவும் ஆட்கள் இருந்தார்கள். யங்கூனில் தெரு நாய்கள் அதிகம். விடியுமுன் தெருக்கள் அவற்றின் ஆட்சிதான். நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருந்ததால் அந்நேரத்தில் வீதிகள் அமைதியாக இருக்கும். இன்னொரு புதினம், அங்கு 1970இல் வாகனங்களை வீதியின் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் நாம் ஓடிய காலத்தில் பெரும்பாலான கார்கள் ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால் சுக்கானும் வலது பக்கத்திலேயே இருந்தது. இலங்கையில் இடது பக்கப் போக்குவரத்துக்குப் பழகிய எமக்கு முதற் கிழமை முழுவதும் தடுமாற்றம். நடைபாதை இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடவேண்டும் என்பது எங்கும் பொதுவான விதி. வலது பக்கமாக வாகனம் ஓடும் நாட்டுக்கு வந்திருப்பவர்கள் வீதியின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒளி திருப்பும் பட்டி அணியுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் தெருவோரக் கடையில் மொஹிங்கா. அது மீன் குழம்பில் போட்ட நூடில்ஸ். சில நாள் தேநீர்க் கடையில் பலாட்டா. எங்கள் பரோட்டா பர்மிய வாயில் அப்படி ஆகியிருக்கிறது. அந்த மேசையில் வைத்துத்தான் அவர் தம் பாட்டனாரின் கதையைச் சொன்னார்.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். பாட்டனார் புரோம் நகரிலிருந்து மலையைத் தாண்டி அரக்கான் கரைக்குப் போகும் வழியில், அயல் வீட்டார் பதினொரு பேருடன் நடந்தாராம். அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி, நடக்க முடியாதவர் முன்னால் நடப்பது என்பதுதான். பலசாலி முன்னே போனால் பலவீனர் விழுந்தது தெரியாமற் போய்விடும். பலவீனர் முன்னே போனால் எவரும் தவற மாட்டார்.

கதையைக் கேட்டுத் தலையசைத்தோம். ஆனால் கற்றுக்கொள்ளவில்லை என்பதை வெட்கத்துடன் ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் நடுப்பகுதியில் எமது கால்கள் நன்றாகப் பழகிவிட்டன. அவரோ வயதில் பத்து மூத்தவர், மெதுவாகவே வருவார். ஒரு ஞாயிறு, 12 கிலோமீற்றர் ஓட்டம். இந்த வேகத்தில் போனால் எப்போது முன்னேறுவது என்ற எரிச்சலில், "நீங்கள் ஆறுதலாக வாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு இன்யா ஏரிக் கரையில் வேகத்தைக் கூட்டினோம். எமது நல்ல நேரம் அன்றுதான் வந்தது. முடிவிடத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டோம். இருபது நிமிடம், முப்பது நிமிடம் ஆகியும் அவர் வரவில்லை. திரும்பி ஓடிப்போனால், ஒரு மதிலோரம் முழங்காலில் இரத்தத்துடன் இருந்தார். நாய்கள் சூழ்ந்தபோது பின்வாங்கித் தடுக்கி விழுந்திருக்கிறார். நல்லவேளை, கடிபடவில்லை. அவர் எம்மைக் கோபிக்கவில்லை. "நேரம் நல்லா வந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் ஒன்பது நாள் அவர் தெரு முனைக்கு வரவில்லை. நாமும் தனியே இரண்டு நாள் ஓடினோம். மூன்றாம் நாள் படுத்துவிட்டோம். சப்பாத்து பழையபடி வாசலுக்குப் போனது. பத்தாம் நாள் அவருடைய கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பெல்லாம் எதுக்கு? நாளைக்கு நாலேமுக்கால்" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னே, நாம் பின்னே. அவர் வைத்தது ஒரேயொரு நிபந்தனை: முன்னால் ஓடுபவர் இடையிடையே திரும்பிப் பார்ப்பார், பின்னால் வருபவர் கையை உயர்த்திக் காட்டவேண்டும்.

2014 ஜனவரியில், துவுன்னா விளையாட்டரங்கிலிருந்து, விடியும் முன்னரே ஓட்டம் ஆரம்பமாயிற்று. யங்கூனில் அது குளிர்காலம். எமது மனக்கணக்கு இரண்டரை மணித்தியாலம். முதல் 15 கிலோமீற்றரும் கணக்குப்படியே போயிற்று. பதினேழாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவருக்கல்ல, எமக்கு. அவர் நல்ல ஓட்டத்தில் இருந்தார். விட்டுவிட்டுப் போயிருந்தால் இரண்டரைக்குள் முடித்திருப்பார். திரும்பிப் பார்த்தார். எமது கை உயரவில்லை. வந்தார். வீதியோரம் இருத்தி, காலை நீட்டிப் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார். ஏழெட்டு நிமிடத்தின் பின், "இப்ப நீங்க முன்னால போங்க தம்பி" என்றார். மிகுதித் தூரத்தைப் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகக் கடந்து, இரண்டு மணி நாற்பத்தாறு நிமிடத்தில் இருவரும் முடித்தோம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. குறையக் குடிப்பது மட்டுமல்ல, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதன் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் எப்போது சாப்பிடுவது, எப்போது ஓடுவது என்பதை வைத்தியரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

எமது கூட்டாளி இன்னும் யங்கூனில்தான் இருக்கிறார். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி ஊரடங்கு வந்தபோது அதிகாலை ஓட்டம் நின்றுபோயிற்று. தம் தெருவுக்குள்ளேயே முனைக்கு முனை நடப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். இப்போதும் ஞாயிறுதோறும் பேசுகிறோம். முதற் கேள்வி சுகம் பற்றியதல்ல. "இந்தக் கிழமை எத்தனை நாள்?" என்பதுதான். பொய் சொல்ல வாய் வருவதில்லை, ஆகவே ஓடிவிடுகிறோம்.

சகோதரிக்கு எமது வேண்டுகோள் இதுதான். கணவரை ஓடச் சொல்லாதீர்கள். அவருக்காகக் காத்து நிற்க ஒருவரைத் தேடுங்கள். அடுத்த மாடியில் உள்ள தமிழராகவோ, வேலைத்தலத்தில் உள்ள வேற்று நாட்டவராகவோ இருக்கலாம். மொழி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடிக்கொண்டே பழகலாம். எவரும் கிடைக்காவிட்டால் நீங்களே உங்கள் சப்பாத்தையும் எடுத்து வாசலில் வையுங்கள். இருவரில் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும்.