கோசோவில் டிக்கெட், ஆலம்பரையில் ஆடு

போன வருஷம் மகன் தயவில் மால்டா போய்வந்தேன். மத்தியதரைக் கடலில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய தீவு நாடு. அங்கிருந்து படகேறினால் கோசோ என்று இன்னொரு குட்டித் தீவு. அதில் ஜகன்தியா கோயில்கள். எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தவை. உலோகமே அறியாத மனிதர்கள் அடுக்கிய கற்கள். டிக்கெட் எடுத்து, போட்ட பாதையில் நடந்துதான் பார்க்கலாம்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது உப்பளம். வடக்குக் கரையில் சுண்ணாம்புப் பாறையையே சதுரம் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் களிமண்ணை மிதித்துப் பாத்தி கட்டுவார்கள். அங்கே பாறையே பாத்தி. கடல்நீர், வெயில், மழை வந்துவிடுமோ என்ற கவலை எல்லாம் ஒன்றுதான். அதைக் காண வெளிநாட்டுக் கூட்டம். இடையஞ்சாவடிக்காரனான நானோ மரக்காணம் உப்பளத்தை அறுபது வருஷமாகப் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்தவன். வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் பேரனோடு கிளம்பினேன். மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அங்குள்ள கல்வெட்டுகளில் உப்பளமும் வருகிறது. அங்கிருந்து வடக்கே, கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. நவாபு காலத்துச் செங்கல்–சுண்ணாம்புக் கட்டடம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். நாணயம் அடித்த இடம், உப்பும் நெய்யும் கப்பலேறிய துறை. நாங்கள் போனபோது மதில்மேல் ஆடு நின்றது. செங்கல்லில் காதலர் பெயர்கள். "யார் தாத்தா இடிச்சது?" என்றான் பேரன். ஆங்கிலேயர் பாதி, கடல் பாதி என்றேன். மீதியை நாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

டிக்கெட் வைத்தால் ஏழைக்குக் கஷ்டம் என்பார்கள். இருக்கட்டும், இலவசமாகவே விடுங்கள். ஆனால் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதைப் பென்ஷன் வாங்கும் நம்மைப் போன்றவர்களே வாரம் ஒருநாள் செய்யலாம், நான் தயார். அலை அரிப்பைத் தடுப்பது மட்டும் நம்மால் ஆகாது, அதற்கு அரசுதான் வர வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். நிழல் குறைவு, தண்ணீர் கையில் இருக்கட்டும்.